உறை எண் நாற்பத்தொன்று

பத்தொன்பது பக்கம் ஒப்புதல் படிவம்.
பக்கத்துக்குப் பக்கம் முதலெழுத்தைக் கிறுக்கிக்கொண்டே வந்தவர்
பதினோராம் பக்கத்தில் நிறுத்தினார்.
பெத்ரோ ஹலுஷ்சாக்,
எட்மண்டனில் முப்பது வருஷம் லிஃப்ட் பழுதுபார்த்தவர்.
"பாதிப் பேருக்கு ஒன்றுமே செய்யமாட்டீர்களா?"
ஆமாம்.
"யாருக்கு என்று யார் சொல்வது?"
கம்ப்யூட்டர்.
"அதற்கு என்னைத் தெரியுமா?"
தெரியாது. அதனால்தான் அதனிடம் விட்டிருக்கிறோம்.
தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

சின்ன வலிதான்.
பனி தள்ளும்போது வரும், நின்றால் போகும்.
"நெஞ்சின்மேல் யாரோ பூட்ஸோடு நிற்கிறமாதிரி.
கனமான ஆள் இல்லை."
அதை அப்படியே எழுத இடமில்லை.
வகுப்பு இரண்டு என்று குறித்தேன்.

மேசையில் படுக்கவைத்து வலது மணிக்கட்டில் ஊசி.
அரைமயக்கத்துக்குக் கொஞ்சம் மருந்து.
காதில் ஹெட்போன்; அக்கார்டியன் கேட்டு வாங்கிக்கொண்டார்.
ஆஞ்சியோவில் தெரிந்தது அடைப்பு,
ஓர் இடத்தில் நெரித்துப் பிடித்த நூல்போல.
திரையில் வந்தது நாற்பத்தொன்றின் விதி:
ஒன்றும் செய்யாதே.

பதினைந்து நிமிடம்
ஒன்றும் செய்யாமல் இருப்பது எவ்வளவு வேலை.
டாக்டர் ஒஸ்டர்கார்ட் கையுறையோடு கைகட்டி நின்றார்.
ஸ்டென்ட் டப்பாவைப் பிரிக்காமல்
இந்தத் தட்டிலிருந்து அந்தத் தட்டுக்கு மாற்றினேன்.
ஹெட்போனுக்கு வெளியே அக்கார்டியன்
கொசு மாதிரி.
பச்சைக் கோடு தன்பாட்டுக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

பார்த்தவள் என்பதால்
இனி அவரை நான் பார்க்கக்கூடாது.
தொலைபேசி, ஓட்டச் சோதனை எல்லாம் நொரீனுக்கு.
நொரீனுக்கு ஒன்றும் தெரியாது, தெரியவும் கூடாது.
ஆறு வாரம் பின்படியில் ஏறி இறங்கினேன்.
ஆனாலும் ஒருநாள் டோனட் வரிசையில்
எனக்கு முன்னால் அவர்.
"பக்கத்து வீட்டு வாசல்வரை பனி தள்ளுகிறேன், தெரியுமா?"
மார்பில் கைவைத்துக் காட்டினார்,
அவர் ஊர்ப் பழக்கமாக இருக்கும்.
என் காதில் அது தமிழில் விழுந்தது:
நெஞ்சைத் தொட்டுச் சொல்.

தொடவில்லையே.

காபி மூடியை அழுத்தினேன்,
ஏற்கெனவே மூடியிருந்ததை.

முதலில் ஏழு நிமிடம் இருபது விநாடி ஓடியவர்
இப்போது ஒன்பது நிமிடம் ஐந்து.

உறை திறந்த அன்று நானும் உள்ளே போகலாம்.
படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் படித்தார்.
மணிக்கட்டைத் திருப்பி அந்தப் புள்ளியைக் காட்டினார்.
"அப்போ இது?"
வாசல்வரை வந்தோம் என்றேன். உள்ளே வரவில்லை.
"சரி. அந்த ஒன்றேமுக்கால் நிமிடம் ஓடியது யார்?"
நொரீன் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலை.
பத்தொன்பது பக்கத்திலும் அதற்குப் பதில் இல்லை.

வேண்டுமானால் இப்போது நிஜமாகவே ஸ்டென்ட் வைக்கலாம்,
அதுவும் விதியில் இருக்கிறது.
"ஆற்றில் ஐஸ் உடையட்டும், சொல்கிறேன்."
பிறகு கோபமா சிரிப்பா என்று தெரியாத முகத்தோடு:
"சில லிஃப்ட் நான் போய்க் கதவைத் திறந்த உடனே
தானாக ஓடும்.
பில் போடத்தான் செய்வேன்."

வெளியே லிஃப்ட் திறந்திருந்தது.
கதவு மூடும் வேகத்தைத் தொழில்கண்ணோடு பார்த்தார்.
படியில் இறங்கிப் போனார்.

அன்றிரவு பூட்ஸ்காரர் திரும்பி வந்தாரா?
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
ஐந்நூற்று நாற்பத்தைந்து விநாடி என்று அடித்தேன்,
சராசரியில் கரைந்துவிட்டது.

பார்க்கிங்கில் மைனஸ் இருபத்தெட்டு.
எஞ்சின் உறையாமல் இருக்க
வண்டிகள் எல்லாம் மூக்கில் வயரோடு
தூண்தூணாகக் கட்டிக் கிடந்தன.
என்னுடையதைப் பிடுங்கிச் சுருட்டினேன்.
பகலெல்லாம் அந்தத் தூணில் மின்சாரம் வந்ததா
என்று பார்க்கவில்லை.
இரண்டு முறை இருமிவிட்டுக் கிளம்பியது.